ஃபார்மேட் பண்ணியும் போகாத வைரஸ்

2009 ஏப்ரலில் ஒரு நாள் எங்கள் வீட்டுக் கணினியில், உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜர் திறக்க மறுத்தது. கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வந்து, உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இதை முடக்கி வைத்திருக்கிறார் என்றது. பின்னால் நின்ற அப்பா கேட்டார், “அட்மினிஸ்ட்ரேட்டர்னா யாருலே?”

“நாமதாம்ப்பா.”

“நாம எப்ப முடக்குனோம்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கோவில்பட்டியில் அப்போது எங்கள் தெருவில் கணினி இருந்த வீடுகள் நாலோ ஐந்தோதான். எங்களுடையது அசெம்பிள் செய்த பெட்டி, விண்டோஸ் எக்ஸ்பி, நெட் இணைப்பு கிடையாது. அப்பா பள்ளி ஆசிரியர். டியூஷன் பிள்ளைகளுக்கான கேள்வித்தாள்களை பாமினி எழுத்துருவில் ஒற்றை விரலால் அடித்துச் சேர்த்து வைத்திருந்தார், மூன்று வருடத்துக்கு. தங்கச்சியின் பாட்டுகள், குடும்பப் போட்டோக்கள் எல்லாமே டி டிரைவில். நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. வாரக் கடைசியில் ஊருக்கு வரும்போதெல்லாம் பாக்கெட்டில் ஒரு 2 ஜிபி பென்டிரைவ் இருக்கும். நெட் இல்லாத வீட்டுக்கு வைரஸ் எப்படி வந்தது என்று முதல் இரண்டு நாள் தங்கச்சியை விசாரித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பாக்கெட்டைக் காட்டினாள்.

அந்த மாதம்தான் செய்தித்தாள்களில் கான்ஃபிக்கர் என்ற வைரஸ் பற்றி ஒரே பேச்சு. ஏப்ரல் 1 அன்று உலகக் கணினிகளெல்லாம் என்னவோ ஆகப்போகிறது என்று எழுதியிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் வீட்டில் இருப்பது அதுதான் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டேன். உண்மையில் வந்திருந்தது அதைவிடச் சாதாரணமான ஒன்று. கல்லூரி லேபில் எல்லாரும் அதை “நியூ ஃபோல்டர் வைரஸ்” என்பார்கள்.

அதன் தந்திரம் ரொம்ப எளிது. அது ஒரு எக்ஸி ஃபைல், அதாவது கிளிக் செய்தால் ஓடும் ப்ரோகிராம். ஆனால் ஐகான் மட்டும் மஞ்சள் ஃபோல்டர். எக்ஸ்பி தன் வழக்கப்படி ஃபைல் பெயரின் வாலை, கடைசியில் வரும் .எக்ஸியை, மறைத்துவிடும் என்பதால் கண்ணுக்கு அது அசல் ஃபோல்டராகவே தெரியும். திறந்து பார்க்கலாம் என்று டபுள் கிளிக் செய்தால் வேலை முடிந்தது. உள்ளே வந்ததும் அது முதலில் செய்வது, நாம் அதைப் பார்க்க உதவும் ஜன்னல்களை எல்லாம் அடைப்பதுதான். டாஸ்க் மேனேஜர் போனது. விண்டோஸின் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் போனது. மெனுவில் இருந்த ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் என்ற வரியே காணாமல் போனது. வாலைக் காட்டச் சொல்லும் இடம் அதுதானே!

கணினியை அசெம்பிள் பண்ணிக் கொடுத்த அண்ணனைக் கூப்பிட்டோம். வந்து பார்த்தவர், “ஃபார்மேட்தான் சார், வேற வழியில்ல” என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று டி டிரைவ் போட்டோக்களை ஒரு சிடியில் எழுதி வைத்தேன். அவர் விண்டோஸ் இருந்த சி டிரைவை மட்டும் அழித்து, எக்ஸ்பியைப் புதிதாகப் போட்டு, 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையைத் தாண்டியிருப்பார். அப்பா கேள்வித்தாள் எடுக்க டி டிரைவை டபுள் கிளிக் செய்தார். திறந்த ஃபைலில் தமிழே இல்லை. வரிக்கு வரி ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். “மூணு வருசமும் போச்சா?” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அது வைரஸ் வேலையில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் மாட்டிக் காட்டும் எழுத்துரு. சி டிரைவோடு அதுவும் அழிந்திருந்தது, அவ்வளவுதான். பழைய சிடியிலிருந்து அதைத் திரும்பப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். அதே பெட்டி. அதே அட்மினிஸ்ட்ரேட்டர்.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது. அது சி டிரைவில் வாழ்கிறது என்று நாங்கள் நினைத்தோம். ஆனால் விதை டி டிரைவில் இருந்தது. டிரைவின் மேல்மட்டத்தில் ஆட்டோரன்.இன்ஃப் என்று ஒரு சின்ன எழுத்து ஃபைலை மறைத்து வைத்திருந்தது. சிடி போட்டவுடன் தானாக ஓடுவதற்காக மைக்ரோசாஃப்ட் வைத்த வசதி அது. எக்ஸ்பியில் அந்த ஃபைல் ஹார்ட் டிஸ்க் டிரைவில் கிடந்தாலும் மதிப்பு உண்டு. டிரைவை டபுள் கிளிக் செய்தால், அந்த ஃபைலில் எழுதியிருக்கும் எக்ஸியை ஓட்டும். அப்பாவின் ஒரு டபுள் கிளிக்கில் 300 ரூபாய் போனது.

அடுத்த சனிக்கிழமை பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இந்த வைரஸ் எங்கெங்கே உட்காரும் என்பதை லாங் சைஸ் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். பென்டிரைவில் எடுத்து வரலாம்தான். அந்த நிலையில் பென்டிரைவைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

நோட்டில் எழுதி வந்தது இதுதான். விண்டோஸ் தன் சொந்த ஃபைல்களை வைத்திருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் ரெக்எஸ்விஆர்.எக்ஸி என்று ஒன்று இருக்கும். விண்டோஸின் அசல் ஃபைல் ஒன்று ரெக்எஸ்விஆர்32 என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடக் கூடாது. இன்னொன்று எஸ்விசிஹோஸ்ட். அந்தப் பெயரிலும் விண்டோஸுக்கு அசல் ஃபைல் உண்டு. போலியில் பெயருக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும். ஒரே ஒரு ஸ்பேஸ்! அப்புறம் ரெஜிஸ்ட்ரியில் கணினி திறக்கும்போது ஓட வேண்டியவற்றின் பட்டியலில் மெசெஞ்சர் என்ற பெயரில் ஒரு வரி. அந்த ஆங்கிலச் சொல்லில் எஸ் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று போட்டிருப்பார்கள். இவ்வளவு யோசித்து எழுதியவனுக்கு ஸ்பெல்லிங் வரவில்லை. போதாததற்கு ஷெட்யூல்டு டாஸ்க்ஸில் ஏடி1 என்று ஒரு வேலை, தினமும் காலை 9 மணிக்கு வைரஸைத் தட்டி எழுப்ப.

ஒன்றை அழித்தால் இன்னொன்று அதைத் திரும்ப நடும். ஆகவே ஒன்றும் ஓடாத நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். அதற்கு சேஃப் மோடு, விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் ஓட்டும் நிலை.

கணினி உயிர் பெறும்போது எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்து சேஃப் மோடுக்குப் போனேன். நாலு மூலையிலும் சேஃப் மோடு என்று எழுதிய கறுப்புத் திரை. ரெக்எஸ்விஆரை அழித்தேன். அழிந்தது. எஃப்5 தட்டிப் பட்டியலைப் புதுப்பித்தேன். திரும்ப இருந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. சேஃப் மோடிலும் ஓடுகிறதே என்று நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் கடைசிப் பக்கத்தில் நான் அவசரமாகக் கிறுக்கியிருந்த வரி கண்ணில் பட்டது. வின்லோகன், ஷெல்.

விண்டோஸில் ஒருவர் நுழைந்ததும் டெஸ்க்டாப்பை வரைவது எக்ஸ்ப்ளோரர்.எக்ஸி. அதை எழுப்பச் சொல்லும் உத்தரவு ரெஜிஸ்ட்ரியின் வின்லோகன் பகுதியில் ஷெல் என்ற வரியில் இருக்கிறது. அங்கே எக்ஸ்ப்ளோரர்.எக்ஸி என்று மட்டும்தான் இருக்க வேண்டும். இந்த வைரஸ் அதற்குப் பக்கத்தில் ஒரு இடைவெளி விட்டுத் தன் பெயரையும் எழுதிவைத்துவிடும். சேஃப் மோடிலும் டெஸ்க்டாப் வேண்டுமே, அந்த வரியை விண்டோஸ் அங்கேயும் படிக்கும். டெஸ்க்டாப் எழும்போதெல்லாம் இதுவும் ஒட்டிக்கொண்டு எழுந்துவிடும்.

எஃப்8 பட்டியலில் மூன்றாவதாக ஒன்று உண்டு, கமாண்ட் ப்ராம்ப்டோடு சேஃப் மோடு. அதில் ஷெல் வரிக்கு வேலை கிடையாது. டெஸ்க்டாப்பும் வராது, ஸ்டார்ட் பட்டனும் வராது. கட்டளைகளைத் தட்ட ஒரு கறுப்புப் பெட்டி, மினுக்கும் கோடு ஒன்று. அதைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே நுழையும் திரையில் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் வழக்கமாகக் காணாத இன்னொரு பெயரும் நின்றது. அட்மினிஸ்ட்ரேட்டர். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இவனா?” என்றார்.

இவன் நல்லவன். முடக்கம் எல்லாம் எங்கள் யூசர் கணக்கில் மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது. இதுவரை யாரும் நுழையாத இந்தக் கணக்கில் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் மறுபேச்சில்லாமல் திறந்தது. ஷெல் வரியில் இருந்த ஒட்டுப்பெயரை நீக்கினேன். எக்ஸ்ப்ளோரரையும் சேர்த்து அழித்துவிட்டால் அடுத்த முறை வெறும் நீலத் திரைதான் மிஞ்சும் என்று நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்ததால், என்டர் தட்டும் முன் மூன்று முறை படித்தேன். பிறகு கறுப்புப் பெட்டியில் சிஸ்டம்32க்குப் போய், அட்ரிப் கட்டளையால் ரெக்எஸ்விஆரின் ஒளிவுகளை எடுத்துவிட்டு அழித்தேன். போலி எஸ்விசிஹோஸ்ட் மட்டும் அழிய மறுத்தது. அப்படி ஒரு ஃபைலே இல்லை என்றது. பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. நடுவில் ஸ்பேஸ் இருக்கும் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்தேன், போனது. ஏடி1ஐ அழித்தேன். சி, டி இரண்டிலும் ஆட்டோரன் ஃபைல்களை அழித்தேன். ஃபைல்களைப் பட்டியலிடும் டிர் கட்டளை போட்டுப் பார்த்தால் ஒன்றும் திரும்ப வரவில்லை. மணி இரவு ஒன்றரை.

ரீஸ்டார்ட் செய்து சாதாரணமாக உள்ளே வந்தேன். எங்கள் கணக்கின் முடக்கங்களை, இப்படியான தடைகளைப் போடவும் எடுக்கவும் விண்டோஸில் உள்ள ஜிபிஎடிட்டில் போய் எடுத்தேன். யூசர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், அங்கே ரெஜிஸ்ட்ரியையும் டாஸ்க் மேனேஜரையும் தடுக்கும் வரிகள். அவற்றை ஒருமுறை எனேபிள் ஆக்கிவிட்டுப் பிறகு டிசேபிள் ஆக்க வேண்டும். எக்ஸ்பி ஹோம் எடிஷனில் ஜிபிஎடிட் கிடையாது. எங்களுடையது ப்ரொஃபஷனல், அசெம்பிள் பெட்டிகளில் எல்லாம் அதுதான் இருக்கும், ஏன் என்று கேட்காதீர்கள். டாஸ்க் மேனேஜர் திறந்தது. பச்சைக் கோடு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபோல்டர் ஆப்ஷன்ஸையும் மீட்டேன். வாலைக் காட்டச் சொல்ல வேண்டும் என்று நோட்டில் எழுதியிருந்தேன். அந்த மிதப்பில் அதை விட்டுவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று டி டிரைவுக்குப் போய் தங்கச்சியின் பாட்டு ஃபோல்டரைத் திறந்தேன். அதற்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். இது எதற்கு என்று டபுள் கிளிக் செய்தேன்.

அது ஃபோல்டர் இல்லை.

மறுநாள் ஞாயிறு. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று திட்டினாள். முதலிலிருந்து அத்தனையும் திரும்பச் செய்தேன். இந்தத் தடவை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஆனால் டெஸ்க்டாப்புக்கு வரும் முன்பு, கறுப்புப் பெட்டியிலேயே டி டிரைவில் உள்ள எக்ஸி ஃபைல்களை எல்லாம் பட்டியல் போட்டேன். ஐகான் தெரியாத இடத்தில் ஏமாற வழியில்லை. பட்டியல் ஓடியது, ஓடியது. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அந்த ஃபோல்டரின் பெயரிலேயே ஒன்று. அளவு எல்லாவற்றுக்கும் பைட் பிசகாமல் ஒன்று. 212 எண்ணினேன். கேள்வித்தாளும் பாட்டும் போட்டோவும் இருக்கும் டிரைவில் எக்ஸிக்கு என்ன வேலை என்று மொத்தமாக அழித்தேன். அதோடு தமிழில் அடிக்க உதவும் இ-கலப்பையின் செட்டப்பும் போனது, அது தனிக்கதை.

அதற்குப் பிறகு சாதாரணமாக உள்ளே வந்து முடக்கங்களையும் மூன்று எஸ் மெசெஞ்சரையும் நீக்கினேன். டி டிரைவை டபுள் கிளிக் செய்தால் திறக்காமல், எந்தப் ப்ரோகிராமில் திறக்கட்டும் என்று கேட்டது. ஒரு கணம் வயிறு கலங்கியது. இல்லாத ஆட்டோரனை விண்டோஸ் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது.

பென்டிரைவை கடைசியாகச் சுத்தம் செய்தேன். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி சொருகினால் தானாக ஓடாது. டபுள் கிளிக் செய்யாமல் கறுப்புப் பெட்டி வழியாகவே உள்ளே போய் அழித்துவிட்டு, அதில் ஆட்டோரன்.இன்ஃப் என்ற பெயரில் ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கி வைத்தேன். ஒரே பெயரில் ஒரே இடத்தில் ஃபோல்டரும் ஃபைலும் சேர்ந்து இருக்க முடியாது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. கல்லூரி லேபில் அதைச் சொருகியபோதெல்லாம் மஞ்சள் ஃபோல்டர்கள் வந்து உட்கார்ந்தன, ஆனால் ஆட்டோரன் மட்டும் வர முடியவில்லை. பிறகு விண்டோஸ் 7 பென்டிரைவின் ஆட்டோரனை மதிப்பதையே விட்டது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் அதே மாற்றத்தை அப்டேட்டாக அனுப்பினார்கள். நெட் இல்லாத எங்கள் பெட்டிக்கு அது வந்து சேரவே இல்லை. துண்டுதான் காப்பாற்றியது.

2016-ல் அப்பாவின் ரிடையர்மென்ட்டுக்குப் பழைய போட்டோக்கள் வேண்டும் என்று தேடியபோது, ஃபார்மேட்டுக்கு முன்னால் எழுதி வைத்த அந்த சிடி பீரோவில் கிடைத்தது. லேப்டாப்பில் போட்டதும் விண்டோஸின் வைரஸ் காவலாளி டிஃபெண்டர் கத்தியது. தீபாவளி 2008 என்ற ஃபோல்டருக்குள் தீபாவளி 2008.எக்ஸி. இந்தத் தடவை வால் தெரிந்தது. எழுதிய சிடியில் எதையும் அழிக்க முடியாது. போட்டோக்களை மட்டும் நகல் எடுத்துக்கொண்டு வெளியே எடுத்தேன். உடைத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார். ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, 2009-ல் நான் “போட்டோக்கள்” என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, கரும்பலகைக் கையெழுத்தில் “உள்ளே ஆள் இருக்கு” என்று எழுதி உறையில் போட்டு வைத்தார்.