கருவிழிப் புண்: நான் பட்ட பாடு

கொருக்குப்பேட்டையில் பட்டறை. தேக்குச் சட்டம் அறுக்கும்போது வலது கண்ணில் ஒரு சிராய் அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடி சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது. பக்கத்தில் நின்றவர் கைக்குட்டை நுனியைத் திரித்து எடுத்துவிட்டார். எங்கள் தொழிலில் இது வாடிக்கை. வீட்டில் அம்மா நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டு என்றார். நல்லவேளை, அதை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் கண் செக்கச்செவேல். மருந்துக்கடையில் சீட்டு கேட்காமலே ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாளில் சிவப்பு வடிந்தது. சரி, ஆறிவிட்டது என்று வேலைக்கும் போனேன். ஐந்தாம் நாள் வெளிச்சம் பார்த்தாலே கண்ணீர் கொட்டியது. கருவிழி மேல் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளையாக ஒரு புள்ளி.

எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். 1819-இல் தொடங்கிய இடம், கூட்டமும் அதற்கேற்றபடிதான். சாயம் தோய்ந்த காகிதப் பட்டையைக் கண்ணில் தொட்டு நீல விளக்கில் பார்த்தார் டாக்டர். புண் உள்ள இடம் மட்டும் பச்சையாக மின்னுமாம். அப்புறம் மரத்துப்போக மருந்து விட்டுப் புண்ணைச் சுரண்டிச் சோதித்தார்கள். பூஞ்சை. மரத்தூள், செடிகொடி பட்ட கண்ணில் வரக்கூடியதுதானாம்.

"கடையில வாங்கினதைக் காட்டுங்க" என்றார். ஸ்டீராய்டு. அது சிவப்பை அமுக்கும், பூஞ்சையைக் கொல்லாது. உடம்பின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கிவிடுவதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நான் குணமானதாக நினைத்த இரண்டு நாளும் அது உள்ளே வளர்ந்திருக்கிறது. கருவிழியின் தடிமனே அரை மில்லிமீட்டர் சொச்சம். ஓட்டை விழுந்தால் பார்வை போய்விடும் என்றார்.

பூஞ்சையைக் கொல்லக் கொடுத்த சொட்டு மருந்தின் பெயர் நாட்டமைசின். என் காதில் நாட்டாமை என்றே விழுந்தது. பால் போல இருக்கும், குலுக்கித்தான் விட வேண்டும். கருவிழிக்குள் லேசில் இறங்காதாம், அதனால் மணிக்கொரு தரம். முதல் சில நாள் ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்து மனைவி மருந்து விட்டாள். இமையோரம் சுண்ணாம்பாகப் படிந்து கிடக்கும். ஆற ஐந்து வாரம் ஆனது. தழும்பு ஓரமாக நின்றதால் பார்வை தப்பியது. தெருவில் மட்டும் "கண்ல பூ விழுந்துடுச்சா?" என்று கேட்பது நிற்கவில்லை.

தூசி விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவச் சொன்னார்கள். குத்தி நின்றால் தொடாமல் நேராக டாக்டரிடம். இப்போது பாதுகாப்புக் கண்ணாடியை மெஷின் சுவிட்ச் மேலேயே மாட்டியிருக்கிறேன், அதை எடுக்காமல் கை போகாது. கைக்குட்டைக்காரர் இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறார்.