எஞ்சினை விற்றேன், படகை வைத்துக்கொண்டேன்

பேசாலைக் கரையில் காலையில் போய் நின்றால் இப்போது எஞ்சின் சத்தம் கேட்கிறது. இலங்கையின் பொருளாதாரம் விழுந்த 2022 நடுப்பகுதியில் அது கேட்காத காலைகள் பல இருந்தன. போர்க்காலத்தில் கடலுக்குத் தடை போட்ட நாட்களிலும் கரை அப்படித்தான் கிடந்தது. ஆனால் அப்போது எங்களைத் தடுப்பது யார் என்று தெரியும். 2022இல் யாரும் தடுக்கவில்லை. படகு நிற்கிறது, வலை கிடக்கிறது, சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் மன்னார்த் தீவின் வடகரைக் கடல் குளம் மாதிரி இருக்கும், அதுவும் அப்படியே இருக்கிறது. மண்ணெண்ணெய்தான் இல்லை.

என்னிடம் இருந்தது பைபர் படகு ஒன்றும் 25 குதிரைவலு எஞ்சின் ஒன்றும். என்னோடு சேர்த்து மூன்று பேர் தொழிலுக்குப் போவோம். எங்கள் பக்கத்து எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் உயிர் கொடுத்துச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், கரைக்கு வந்து நிறுத்தும் முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் பிளக் அடைத்து எஞ்சின் பிடிக்காது. ஆகவே எங்களுக்கு இரண்டு எண்ணெயும் வேண்டும். ஒன்று வந்தால் மற்றது வராது. சங்கத்தில் பெயர் எழுதிய கான்களை வரிசையில் வைத்துவிட்டு, கான் நகரும்போது நாமும் நகர்ந்து, இரண்டு நாள் நின்று வாங்கிய எண்ணெய் ஒரு தடவை போய்வரக் காணாது. சிலர் வெளியில் வாங்கினார்கள், அதில் என்ன கலந்திருந்ததோ, எங்கள் கரையிலேயே இரண்டு எஞ்சினுக்குப் பிஸ்டன் இறுகிப்போனது. வேறு சிலர் துடுப்பையும் பாயையும் தேடி எடுத்தார்கள். பைபர் படகைத் துடுப்பால் வலிப்பது எவ்வளவு பாடு என்று வலித்தவனுக்குத் தெரியும்.

அப்புறம் ஓகஸ்ட் 21 நள்ளிரவு லீற்றர் 87 ரூபாயாக இருந்த மண்ணெண்ணெயை 340 ஆக்கினார்கள். எண்ணெய் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் கணக்கு உடைந்துபோனது.

அந்தக் கணக்கைச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் வெளியில் இருப்பவர்கள் எண்ணெய் விலை படகுக்காரரான சம்மாட்டியின் தலைவலி மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். எங்கள் படகில், மீன் விற்ற காசில் முதலில் எண்ணெய்ச் செலவைக் கழிப்போம். மிச்சத்தில் பாதி படகுக்கும் வலைக்கும், மற்றப் பாதி போன ஆட்களுக்குச் சமபங்கு. 14,000 ரூபாய்க்கு மீன் விற்ற ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள், 22 லீற்றர் எரித்திருக்கிறோம். பழைய விலையில் எண்ணெய்க்கு 1,914 ரூபாய். ஆளுக்கு 2,014 ரூபாய் வரும். புதிய விலையில் எண்ணெய்க்கு 7,480 ரூபாய். ஆளுக்கு 1,086. அரிசி கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போய்விட்ட நேரம் அது. ஒரே கடல், ஒரே மீன்பாடு, ஒரே உழைப்பு, பங்கு பாதியாகிவிட்டது. மீன்பாடு குறைந்த நாளில் பங்கே இல்லை, கடன்தான் மிச்சம். கூட வருகிற பையனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவன் ஒன்றும் கேட்கமாட்டான். 400 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போவான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இதற்கு மேல் வலைப் பிரச்சினை. திங்கள், புதன், சனி என்றால் இந்தியக் கரையிலிருந்து இழுவைப் படகுகள் வரும். வலை விரித்து வைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று அந்த நாட்களில் நாங்கள் போவதில்லை. இது பல வருடத்து வேதனை. வாரத்தில் மூன்று நாள் அப்படிப் போனால், மிச்சம் உள்ள நாட்களில் இந்தக் கணக்கு.

படகை விற்கச் சொல்லி முதலில் சொன்னது என் மனைவிதான். அவளைக் குறை சொல்ல முடியாது. நகை முழுக்க அடைவில் இருந்தது. ஏப்பிரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது, அது எங்கள் வீட்டுக்கு வருவது அடைவுச் சீட்டு வழியாகத்தான். "படகு சும்மா நிக்குது, நகை வட்டியில போகுது, ரெண்டில ஒண்டையாவது காப்பாத்துங்க" என்றாள். சரியான பேச்சு. எனக்குப் பதில் இல்லை.

சும்மா நிற்கிற படகும் சும்மா நிற்பதில்லை. எஞ்சினுக்குள் உப்பு நிற்கக்கூடாது, நல்ல தண்ணீரில் ஓடவிட்டுக் கழுவ வேண்டும். மாதக் கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே அரித்துவிடும். படகின் மேற்பூச்சு வெயிலில் வெடிக்கும். வலையை எலி கடிக்கும். தொழிலுக்குப் போனாலும் நட்டம், போகாவிட்டாலும் நட்டம் என்ற நிலை வந்தபோதுதான் விற்பது என்ற சொல் என் வாயில் முதல்முறை வந்தது.

இதில் ஒரு விசித்திரத்தைக் கண்டேன். படகால் பிரயோசனம் குறையக் குறைய அதன் விலை கூடியது. டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 வரை போய்விட்டது, புது எஞ்சின் வாங்குவதை நினைக்கவே முடியாது, அதனால் ஓடின எஞ்சினுக்கு நாங்கள் வாங்கியதைவிடக் கூடுதலாகக் கேட்டார்கள். கையில் ஒன்றுமில்லாதவனுக்கு அந்தத் தொகையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்தக் காசை வைத்துக்கொண்டு நாளைக்கு இன்னொரு படகு வாங்க முடியுமா என்று யோசித்தால், முடியாது. விற்கிறவனுக்கு உயர்ந்த விலை, திரும்பி வருகிறவனுக்கு இன்னும் உயர்ந்திருக்கும். விற்பது என்றால் தொழிலைவிட்டே போவது என்றுதான் அர்த்தம். இது எனக்கு விளங்க ஒரு மாதம் எடுத்தது.

ஒருநாள் பின்னேரம் அறிமுகமில்லாத இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். படகும் எஞ்சினும் சேர்த்து வேண்டும், வலை வேண்டாம் என்றார்கள். அது எனக்கு உடனே உறைத்தது. தொழில் செய்கிறவன் வலையைத்தான் முதலில் விரித்துப் பார்ப்பான். நான் சொன்ன விலையைக் குறைத்துக் கேட்கவில்லை. படகின் அடியைத் தட்டியும் பார்க்கவில்லை. "அண்ணன், பதிவு மாத்துறதெல்லாம் பிறகு பாப்பம், இப்ப காசைப் பிடியுங்கோ" என்றான் ஒருவன்.

அந்த வருடம் மார்ச்சிலிருந்தே எங்கள் பக்கத்திலிருந்து ஆட்கள் தனுஷ்கோடிப் பக்கம் போகத் தொடங்கியிருந்தார்கள். கைக்குழந்தையோடு மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டு, வெயிலில் காத்திருந்து, இந்தியக் கடலோரக் காவல் படை வந்து ஏற்றிக்கொண்டு போன செய்திகளைப் பார்த்தோம். பசியால் போனவர்களை நான் ஒருநாளும் குற்றம் சொல்லமாட்டேன். 1990இல் நாங்களும் போனோம். எனக்கு அப்போது 12 வயது. அப்பா தன் சொந்தப் படகில் எங்களையும் அயலவரையும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாக ராமேஸ்வரம் கரைக்குப் போனார். மண்டபம் அகதி முகாமில் எங்களுக்கு இடம் கிடைத்தது, படகு அந்தக் கரையில் நின்றது. பிறகு அது என்னவானது என்று அவருக்குத் தெரியவரவில்லை. சில வருடம் கழித்துத் திரும்பி வந்தவர், சாகும்வரை மற்றவர்களின் படகில்தான் போனார். மீன் எங்கே நிற்கும் என்று கரையில் எல்லாரையும்விட அவருக்குத் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவெடுப்பது எஞ்சினில் இருக்கிறவன். அப்பா படகின் முன்பக்கத்தில், அணியத்தில் உட்கார்ந்து பேசாமல் வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

வந்தவர்களிடம் படகு விற்பதாக இல்லை என்று சொல்லி அனுப்பினேன். காசைத் திருப்பிக் கொடுத்தபோது கை நடுங்கியது உண்மை. என் பதிவு எண் எழுதிய படகு கடலில் பிடிபட்டால் விசாரணை என் வீட்டுக்குத்தான் வரும், அந்தப் பயம் ஒரு பக்கம். கொள்ளளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிப் போய் நடுக்கடலில் ஏதாவது நடந்தால் என்ற பயம் அதைவிடப் பெரியது. அந்தப் படகின் அடியில் எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நாங்கள் இருவரும் இருந்து ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தோம். எதை விற்றால் திரும்ப வாங்கலாம், எதை விற்றால் வாங்க முடியாது என்று. 25 குதிரைவலு எஞ்சினை எங்கள் கரையில் தொழில் செய்கிற ஒருவருக்கே விற்றேன். அதில் பாதிக்காசில் நகையில் ஒரு பங்கை மீட்டோம். மிச்சத்தில் ஓடின 8 குதிரைவலு எஞ்சின் ஒன்று வாங்கினேன். பெரிய படகுக்குச் சின்ன எஞ்சின், மெதுவாகத்தான் போகும், காற்று எதிர்த்தால் தவிக்கும். ஆகவே தூரக் கடலை விட்டேன். கரையோடு நண்டு வலைக்கு மாறினேன்.

நண்டு என்றால் நீலக்கால் நண்டு. கொம்பனிக்காரர் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவது, அதனால் ரூபாய் விழுந்தபோது மீனைப்போல் அதன் விலை படுத்துவிடவில்லை. ஆழம் குறைந்த கடலில் கிடைப்பது, 6 லீற்றரோடு போய்வரலாம். 340 ரூபாயிலும் 2,040தான் எண்ணெய்ச் செலவு. ஆனால் வேலை வேறு மாதிரி. நண்டை வலையிலிருந்து கால் உடையாமல் எடுக்க வேண்டும், உடைந்தால் விலை இல்லை. விடிந்து வந்து பத்துமணி வரை கரையில் இருந்து வலை தெரிக்க வேண்டும், அதில் மனைவியும் வந்து உட்கார்ந்தாள். இருபது வருடமாக மீனைத் துரத்தின எனக்கு அந்த வேலை ஆரம்பத்தில் பிடிக்கவேயில்லை. சினையுள்ள நண்டு வந்தால் கடலில் விட்டுவிடு என்று சங்கத்தில் சொல்வார்கள், பசியில் இருக்கிற மாதத்தில் அதை விடுவதற்கு மனம் வேண்டும். எல்லா நாளும் எனக்கு அந்த மனம் இருக்கவில்லை.

மூன்று பேர் போக வேண்டிய வேலை அது இல்லை. இரண்டு பேர் போதும். அந்தப் பையனை வைத்துக்கொண்டேன், மற்றவரைப் போகச் சொன்னேன். ஒன்பது வருடம் என்னோடு வந்தவர். இந்தக் கதையில் எனக்கு இப்போதும் குத்துகிற இடம் அதுதான். படகைக் காப்பாற்றினேன் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் முகம்தான் வரும்.

என் மச்சான் வேறு முடிவெடுத்தார். படகு, எஞ்சின், வலை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் விற்று மூத்த மகனைக் கட்டாருக்கு அனுப்பினார். அவர் செய்தது பிழை என்று அப்போது நான் சொன்னேன், வாக்குவாதப்பட்டோம். இன்றைக்கு அப்படிச் சொல்லமாட்டேன். அவருக்குப் படகின்மேல் மீன் முதலாளியின் முற்பணம் இருந்தது. பிடிப்பது எல்லாம் அந்த முதலாளிக்கே, அவர் வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும். அந்தப் படகு பெயருக்குத்தான் மச்சானுடையது. விற்றுக் கடனை அடைத்த பிறகு அவர் நிம்மதியாகத் தூங்கியதை அக்கா சொன்னாள். என் படகில் அப்படிக் கடன் இருந்திருந்தால் நானும் விற்றிருப்பேன்.

2024 முடிவுக்குள் மண்ணெண்ணெய் 200 ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. 87 திரும்பி வராது, அதை எல்லாரும் ஏற்றுக்கொண்டாயிற்று. நான் இன்னும் 8 குதிரைவலுவில்தான் போகிறேன். போன வருடத்திலிருந்து மச்சான் என்னோடு வருகிறார், அந்தப் பையனோடு சேர்த்து மறுபடி மூன்று பேர் ஆகிவிட்டோம், கொஞ்சம் தூரம் போகிறோம். முதல்நாள் அவர் ஏறியதும் பழக்கத்தில் எஞ்சின் பக்கம் நடந்தார், பாதியில் நின்று அணியத்துக்குத் திரும்பினார். நான் அவரைக் கூப்பிட்டு எஞ்சினில் இருக்கச் சொன்னேன். வேண்டாம் என்றார். இப்போது போகும்போது நான், வரும்போது அவர்.

சென்ற மாதம் தலைமன்னாரில் ஒரு பழைய படகு விலைக்கு இருப்பதாகச் சொல்லி என்னையும் கூட்டிப்போனார். கவிழ்த்துப்போட்டிருந்தார்கள். இருவரும் குந்தியிருந்து அடியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனோம். அணியத்துக்குக் கிட்ட ஓரிடத்தில் மட்டும் சத்தம் பொள்ளலாக வந்தது. மச்சான் அங்கேயே கையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு எழும்பி, உரிமையாளரிடம் ஞாயிறு பூசைக்குப் பிறகு வந்து சொல்வதாகச் சொன்னார்.