படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டுக்குப் பெலன்

காலண்டரில், கார் கண்ணாடியில், புத்தாண்டு ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையில் என்று பிலிப்பியர் 4:13 எங்கும் இருக்கும். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் போகிற பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லி அனுப்புகிறோம். பவுல் அதை எழுதியபோது காவலில் இருந்தார். முந்தின வசனம், பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் அவர் பழகிக்கொண்டதைப் பற்றியது. பிந்தின ஐந்து வசனங்கள், பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் கொடுத்தனுப்பிய உதவியைப் பற்றியவை. பெலன் கிறிஸ்துவினால் வருகிறது என்று சொன்ன கையோடு, வந்து சேர்ந்த பொருளுக்கும் நன்றி எழுதிவிடுகிறார்.

இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால், பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டைப் பார்த்தால் போதும். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு, ஜெபம் பண்ணி, "கர்த்தர் பெலன் தருவார்மா" என்று மருமகளிடமோ மகளிடமோ சொல்லிவிட்டுப் போவார்கள். சொன்னது உண்மைதான். எந்த அளவில் தருவார், யார் கையில் கொடுத்தனுப்புவார் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அளவு யாத்திராகமம் 16இல் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த அப்பமாகிய மன்னா ஆளுக்கு ஒரு ஓமர். எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு, நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு லிட்டர். அதுவும் ஒரு நாளைக்கு மட்டும். மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுடையது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டும் இரண்டு ஓமர் கிடைத்தது, அது கெடவில்லை.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். "இன்னும் எத்தனை வருஷம் இப்படியோ, அத்தனைக்கும் பெலன் தாரும்" என்று ஜெபிக்கிறார்கள். அந்த ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது இன்னும் களைப்பாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஐந்து வருடத்துக்கான பாரத்தை மனதால் தூக்கிப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறோம், அதற்கான பெலன் இன்று காலை இறங்கவில்லை. இன்றைய வேலையைப் பெயர் சொல்லிக் கேட்பது வேறு மாதிரி இருக்கும்: 11 மணிக்கு பிசியோதெரபி, அதில் அவர் கத்துவார், எனக்குப் பொறுமை வேண்டும். மத்தியானம் பெட்ஷீட் மாற்ற ஆள் இல்லை, ஆள் வேண்டும். இரவு 2 மணிக்கு எழுப்பிவிடும். மூன்று காரியம் போதும். ராத்திரியில் மூன்றையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தால், ஆள் கேட்ட ஜெபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வந்ததும் தெரியும், பொறுமை கேட்ட இடத்தில் கத்திவிட்டதும் தெரியும். இரண்டையும் சொல்லிவிட்டுப் படுக்கலாம்.

வேத வாசிப்புக்கு இந்த வீட்டில் நீண்ட பகுதி சரிப்படாது. வருடத்தில் முழு வேதத்தையும் முடிக்கும் அட்டவணையை எடுத்தால் பத்தாம் நாளில் பின்தங்கி, அதுவே ஒரு குற்ற உணர்வாகிவிடும். ஆரோகண சங்கீதங்கள் நல்ல தேர்வு. 120 முதல் 134 வரை மொத்தம் 15. 132க்கு மட்டும் 18 வசனங்கள், மற்ற எதுவும் 9ஐத் தாண்டாது. நாளுக்கு ஒன்று, சத்தமாக, நோயாளியின் காதில் விழும்படி வாசிக்கலாம். பேச்சே போய்விட்ட சிலருக்கும் பழகிய பாட்டு வாயில் வரும். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு சொல்லைத் தேடித் தவிக்கிறவர், சிறு வயதில் பாடிய கீர்த்தனையின் பல்லவியை வரி மாறாமல் கூடப் பாடுவதும், பரமண்டல ஜெபத்தைக் கூடவே முணுமுணுப்பதும் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அதனால் புதிய பாட்டுகளை போனில் போட்டு வைப்பதைவிட, அவருடைய காலத்துப் பாமாலைப் பாட்டை நீங்களே மெதுவாகப் பாடுவது மேல்.

இனி அந்த இரவு 2 மணி. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போட்டுவிட்டால் திருப்ப வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, இடைவெளியைக் கூட்டலாமா என்பதை நர்ஸ் பார்த்துச் சொல்ல வேண்டும். திருப்பும்போது இழுத்தால் தோல் உராய்ந்து கிழியும். தோளிலிருந்து தொடை வரை வரும்படி ஒரு மடித்த பெட்ஷீட்டை அடியில் போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும். விழுந்துபோன கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள் மூட்டு இறங்கிவிடும். முழுதாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு எலும்பில் பாரம் ஏறும், ஆகவே முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் இந்த இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். நம் நிறத்தில் சிவப்பு சட்டென்று தெரியாது. தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், படுக்கைப்புண் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் பாரம் போடாமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

பெலனைப் பற்றிய பதிவில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். இதை ஒருவரே எல்லா இரவும் செய்தால் சில வாரங்களில் என்ன நடக்கும் என்பது அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான். தூக்கம் போகிறது, அடுத்து பொறுமை போகிறது, கை முரடாகிறது. ஒருநாள் தலையணையை வேகமாக இழுத்துவிட்டு, அடுத்த அரை மணி நேரம் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறார்கள். பிறகு பரிகாரம் போல அதிகாலை 4 மணி ஜெபத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். இருந்த கொஞ்சத் தூக்கமும் போகிறது. ஆவிக்குரிய குறை என்று நினைத்து ஜெபிக்கிறார்கள், உடம்புக்கோ தூக்கம் இல்லை.

1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வந்தன. சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான், அதற்கும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் தரமும் சாப்பாடு வந்தது. "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகுதான் வருகிறது. இரவு முழித்தவர் அதிகாலை ஜெபத்தை விட்டுவிட்டுத் தூங்கட்டும் என்பது என் கருத்து. சங்கீதம் 127:2 நித்திரையைக் கர்த்தர் கொடுக்கும் ஈவாகத்தான் சொல்கிறது. இரவை 10 முதல் 2, 2 முதல் 6 என்று இரண்டு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். மகன்மாருக்கு மறுநாள் ஆபீஸ் என்று ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுவிடலாம். வாரத்துக்கு இரண்டு இரவு அவர்களும் முழித்தால் ஆபீஸ் இடிந்துவிடாது.

இரண்டு பேர் வீட்டில் இல்லையென்றால்? அதற்கு யாத்திராகமம் 18. மோசே காலை முதல் சாயங்காலம் வரை ஒருவராய் உட்கார்ந்து நியாயம் விசாரித்தார். ஊரிலிருந்து வந்த மாமனார் எத்திரோ ஒரே நாள் பார்த்துவிட்டு, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றார். ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து என்று பேருக்குத் தலைவர்களை வைக்கச் சொன்னார். தேவனோடு முகமுகமாய்ப் பேசின மோசேக்கு இந்த யோசனை வந்தது ஒரு விருந்தாளியின் வாயிலிருந்து.

நம் சபைகளில் உதவி நின்றுபோகிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். "ஏதாவது தேவைன்னா சொல்லுங்கம்மா" என்று சபைப் போதகரான ஐயர் கேட்பார். "ஜெபம் பண்ணிக்கோங்க ஐயரே, அது போதும்" என்று பதில் வரும். ஐயரும் அதோடு விட்டுவிடுவார். பதிலை மாற்றிப் பாருங்கள்: "வியாழக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அப்பா பக்கத்தில் யாராவது உட்காரணும் ஐயரே, நான் தூங்கணும்." நாளும் நேரமும் சொல்லிக் கேட்டால் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆள் கிடைக்கும். பொதுவாகக் கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். வருகிறவருக்காகச் சுவரில் ஒரு தாள் ஒட்டி வைக்க வேண்டும்: கடைசியாகத் திருப்பிய நேரம், அடுத்த மருந்து எப்போது, டாக்டர் நம்பர், உங்கள் நம்பர், 108. மூக்கில் ட்யூப் இருந்தால் அதில் உணவு கொடுப்பதை அவரிடம் விடக்கூடாது. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தாமல் ஊற்றினாலோ, ஊற்றியவுடன் படுக்க வைத்தாலோ, அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். அதைப் பழகினவர் செய்யட்டும், வந்தவர் காவலுக்கு உட்கார்ந்தால் போதும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நடக்கிறது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், பிசியோதெரபி, நோய்த்தணிப்புச் சிகிச்சை ஆகியவற்றை வீட்டுக்கே கொண்டுவருவது அதன் வேலை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேட்க வேண்டும். அரசாங்க நர்ஸ் வந்தால் விசுவாசம் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள், எப்பாப்பிரோதீத்துவை இன்னொரு முறை வாசிக்கலாம்.

விசுவாசத்தின் பெயரில் நடக்கும் இன்னொன்று ஆபத்தானது. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வந்து மாத்திரையை நிறுத்துவது. பிரஷர் மாத்திரையை விட்டால் இரண்டாவது ஸ்ட்ரோக் வர வழி திறக்கும், வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். தன் மாம்சத்தில் ஒரு முள் என்று பவுல் சொன்ன உபத்திரவம், அவர் மூன்று தரம் வேண்டிக்கொண்டும் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை, படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பற்றி மட்டும் தாராளமாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுவதில் பாவம் ஒன்றும் இல்லை.

கோபம் வரும், வந்தே தீரும். வந்த நேரத்தில் முதலில் கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டு, அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். சங்கீதம் 13 அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று முறையிடுவதும் ஜெபம்தான். 88ஆம் சங்கீதம் கடைசி வரை இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அவரை அடித்துவிடுவேனோ என்ற பயமோ, நான் செத்தால் தேவலை என்ற எண்ணமோ திரும்பத் திரும்ப வந்தால், அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் எந்த நேரமும் பேசலாம்.

பார்த்துக்கொள்கிறவருக்கு மாதக்கணக்கில் கோயில் இல்லாமல் போகும். யூடியூப் ஆராதனையைப் பார்க்கலாம், அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து அதில் கிடைக்காது. வீட்டுக்கு வந்து கொடுக்கும்படி ஐயரிடம் கேளுங்கள், வியாதியஸ்தருக்கு மட்டும் என்று நினைக்காமல் நீங்களும் சேர்ந்து எடுங்கள். முன்கூட்டியே ஒரு விஷயத்தை ஐயரிடம் சொல்லிவிட வேண்டும்: பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம். காய்ந்த அப்பம் தொண்டையில் ஒட்டும், திராட்சரசம் போன்ற நீர்ப்பொருள் மூச்சுக்குழலில் இறங்கி இருமலைக் கிளப்பும். எதை, எவ்வளவு, எப்படிக் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். வாய்வழியாக எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தால் கொடுக்கவே கூடாது. அதற்காக அவருக்குத் திருவிருந்து இல்லை என்று ஆகாது. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகமே, நோயினால் வாயால் பெற முடியாதவர் மனந்திரும்பி விசுவாசத்தோடும் நன்றியோடும் கிறிஸ்துவை நினைத்தால், அவர் உண்டு பானம்பண்ணினவராகவே இருக்கிறார் என்று போதகருக்குச் சொல்லிவைத்திருக்கிறது. இதை ஐயர் அவர் காதருகே சொல்லட்டும். ட்யூப் உணவு கொடுத்து அரை மணி நேரமாவது கழிந்த பிறகு வரச் சொல்லுங்கள், அப்போதுதான் நீங்களும் கை கழுவி, சேலை மாற்றி, பக்கத்தில் நிதானமாக உட்கார முடியும்.