டியூபிங் மாற்றும் முன் கடல் கிணற்றில் ஆபத்து மதிப்பீடு: எதைக் கேட்க வேண்டும்

கடல் பிளாட்ஃபார்மில், எண்ணெய்க் கிணற்றுக்குள் இருக்கும் பழைய டியூபிங்கை (எண்ணெய் மேலே வரும் குழாய்) உருவிவிட்டுப் புதியதை இறக்கும் வொர்க்ஓவர் வேலைக்கு ஆபத்து மதிப்பீட்டுக் கூட்டம் போட்டால், பாதி நேரம் ஆபத்தின் அளவைக் குறிக்கும் வண்ணக் கட்டத்தில் போய்விடும். இது மஞ்சளா, சிவப்பா, நிகழ்வாய்ப்பு இரண்டா மூன்றா என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் அந்தக் கட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். முதலில் மேசைக்கு வர வேண்டியவை கிணற்றின் இன்றைய படம், ஆனுலஸ் (டியூபிங்குக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக் குழாயான கேசிங்குக்கும் இடைப்பட்ட வெளி) அழுத்தப் பதிவு, கிணற்றின் மேல்முனையான வெல்ஹெட் வால்வுகளின் கசிவுச் சோதனை முடிவு, நிலத்தடி எண்ணெய்த் தேக்கத்தின் அழுத்தம். அழுத்தம் எந்தத் தேதியில் அளந்தது என்பதும் வேண்டும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் செலுத்திக்கொண்டிருந்தால் இரண்டு வருடப் பழைய எண்ணை நம்ப முடியாது. டிரில்லரும் கிரேன் இயக்குபவரும் இல்லாத கூட்டத்தை ஒத்திவைப்பதே மேல்.

அடுத்து வேலையைப் படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் ஒரே கேள்வி: இந்த நிமிடம் எண்ணெயையும் வாயுவையும் தடுத்து நிற்பவை எவை, அவை வேலை செய்கின்றன என்று எப்படித் தெரியும்? நார்வேயின் நோர்சோக் டி-010 தரநிலை, கிணறு தானாகப் பாயக்கூடியதாக இருந்தால் ஒன்றையொன்று சாராத இரண்டு தடுப்புகளைக் கேட்கிறது. வொர்க்ஓவரில் மிக மெல்லிய கட்டம், கிணற்றின் மேலுள்ள வால்வுத் தொகுதியான கிறிஸ்துமஸ் ட்ரீயைக் கழற்றிய பிறகு, கிணற்றை அவசரத்தில் மூடும் கருவியான பி.ஓ.பி.யைப் பொருத்தி முடிக்கும் வரை உள்ள நேரம்தான். மேலே மூடுவதற்கு ஒன்றுமே இருக்காது. இரண்டு தடுப்பும் கீழே இருந்தாக வேண்டும். தன் எடையால் கிணற்றை அடக்கும் கில் திரவம் ஒன்று, டியூபிங்கில் வைத்த பிளக் (அடைப்பான்) இன்னொன்று என்று எழுதினால், ஆனுலஸ் பக்கம் என்ன நிற்கிறது என்று உடனே கேளுங்கள். அங்கே அடைப்பாக நிற்கும் பாக்கர் பழையது என்றால் விடை அவ்வளவு எளிதாக வராது.

கில் திரவத்தை எண்ணில் பார்க்காமல் விடக் கூடாது. செங்குத்து ஆழம் 8,000 அடி, திரவம் காலனுக்கு 9 பவுண்டு என்று வைத்துக்கொண்டால் அடியில் அதன் அழுத்தம் 0.052 (அலகு மாற்றும் எண்) × 9 × 8,000 = 3,744 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). எண்ணெய்த் தேக்கத்தின் அழுத்தம் 3,500 என்றால் கையில் இருப்பது 244 பிஎஸ்ஐ. திரவ மட்டம் சுமார் 520 அடி இறங்கினால் அது போய்விடும். 9⅝ அங்குலம், அடிக்கு 47 பவுண்டு கேசிங்கில், குழாய் எல்லாம் வெளியே வந்த நிலையில், அது 38 பேரல்தான். திரவத்தை உறிஞ்சும் பாறையில் 38 பேரல் காணாமல் போக அதிக நேரம் ஆகாது. எனவே கிணறு எவ்வளவு திரவம் வாங்குகிறது என்று அளக்கும் டிரிப் டேங்கின் பதிவே முதல் எச்சரிக்கை. 3½ அங்குல டியூபிங்கை 1,000 அடி உருவினால் கிணறு மூன்று பேரலுக்குச் சற்று மேல் திரவம் கேட்க வேண்டும். இரண்டே பேரலில் நிரம்பினால் மீதி இடத்தைக் கீழிருந்து ஏதோ நிரப்பியிருக்கிறது. பாக்கரின் ரப்பர் முழுவதும் சுருங்காமல் பிஸ்டன் மாதிரி மேலேறும்போது இப்படி ஆகும். வேகத்தைக் குறைக்க வேண்டும். கிணறு அமைதியாக இருக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும்.

பிளக்கை மேலிருந்து அழுத்திச் சோதித்து 'நின்றது' என்று எழுதுவது பழக்கமாகிவிட்டது. வாயு வருவது கீழிருந்து. மேலே அழுத்தத்தைக் குறைத்து, கீழிருந்து ஏதாவது வருகிறதா என்று பார்க்கும் இன்ஃப்ளோ சோதனைதான் அதற்குச் சான்று. சிக்கல் எங்கே என்றால், குளிர்ந்த திரவம் உள்ளே சூடாகி விரிந்தாலும் அழுத்தம் ஏறும். வெப்பத்தால் ஏறுவது நேரம் போகப் போகத் தணியும்; கசிவு அப்படித் தணிவதில்லை. எவ்வளவு நேரம் பார்ப்பது, எந்தக் குழாயில் அளப்பது, எவ்வளவு ஏறினால் தோல்வி என்பவற்றைச் சோதனைக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். மெக்ஸிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் 2010 ஏப்ரல் 20 அன்று இதே வகைச் சோதனையில் டிரில் பைப்பில் (துளையிடும் குழாய்) 1,400 பிஎஸ்ஐ காட்டியது, கிணற்றோடு இணைந்த பக்கக் குழாயான கில் லைனில் பூஜ்யம். இரண்டும் ஒத்துப்போகாத நிலையிலேயே பூஜ்யத்தை ஏற்றுச் சோதனை வெற்றி என்றார்கள். அன்றிரவு கிணறு வெடித்துப் பாய்ந்து 11 பேர் இறந்தார்கள். முன்கூட்டியே எழுதிய தோல்வி அளவு இருந்தால், புரியாத எண்ணுக்கு அங்கேயே விளக்கம் தேடி உட்கார வேண்டியதில்லை.

2009 ஆகஸ்ட் 21 அன்று ஆஸ்திரேலியாவின் திமோர் கடலில் மொன்டாரா கிணறு வெடித்துப் பாய்ந்தது. சிமென்ட் வேலையில் திரும்பி வந்த திரவத்தை மீண்டும் உள்ளே தள்ளியதில் அடிமுனைச் சிமென்ட் கெட்டது. அதைச் சோதித்து உறுதி செய்யவில்லை. இருந்திருக்க வேண்டிய மூடிகளில் ஒன்று பொருத்தப்படவே இல்லை. அதனால் தடுப்புப் பட்டியலில் 'திட்டமிட்டது' என்ற பத்திக்குப் பக்கத்தில் 'பொருத்தியது, சோதித்தது, கையெழுத்து' என்று இன்னொரு பத்தி வைக்கிறோம்.

பி.ஓ.பி.க்கு மூன்று கேள்வி போதும். குறைந்த அழுத்தச் சோதனையை, அதாவது 250 முதல் 350 பிஎஸ்ஐ வரை, முதலில் செய்தார்களா? உயர் அழுத்தம் முதலில் போனால் சீல் வளையத்தை அழுத்தி உட்கார வைத்துக் கசிவை மறைத்துவிடும். பி.ஓ.பி.க்குள் இரு பக்கமிருந்தும் வந்து மூடும் இரும்புக் கட்டையான ராமில், வெட்டும் ராம், டியூபிங்கோடு ஒட்டிவரும் கேபிளையும் சேர்த்து வெட்டுமா? இப்போது கிணற்றுக்குள் இருக்கும் குழாயின் அளவுக்கு ராம் இருக்கிறதா?

கிணற்றுக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை எண்ணெய் வயலில் துணைக்கப்பல் ரைசரில் (கடலடியிலிருந்து பிளாட்ஃபார்முக்கு ஏறும் குழாய்) மோதித் தீப்பிடித்து 22 பேர் பலியானார்கள். கப்பல் எந்தப் பக்கம், எந்தக் காற்றில் அணுகலாம் என்பது அதனால் நம் பட்டியலில் உண்டு. கிரேன் பி.ஓ.பி.யைத் தூக்கும் பாதைக்குக் கீழே உற்பத்திக் கிணறு இருந்தால் அதை மூடி, அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் தூக்க வேண்டும். உற்பத்திப் பிரிவு முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

வண்ணக் கட்டத்தை இதற்குப் பிறகு நிரப்பினால் அரை மணி நேரம் போதும். டிரில்லர் அறையில் ஒட்ட வேண்டியது அந்தக் கட்டமும் இல்லை. நிறுத்தும் எண்கள் கொண்ட ஒரே தாள்: டிரிப் டேங்கில் எத்தனை பேரல் வித்தியாசம் வந்தால் மூடுவது, மணிக்கு எவ்வளவு இழப்பு வந்தால் உருவுவதை நிறுத்துவது, திட்டத்தில் இல்லாத கருவி இறங்குவதென்றால் யாரைக் கேட்பது. இரவு ஷிஃப்ட் மாறும்போது அந்தத் தாளை வாய்விட்டுப் படித்துக் கைமாற்ற வேண்டும்.