ஓர் அடைமொழி சேர்ந்த இடமும் உதிர்ந்த இடமும்

வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருப்பவர்கள் பெரும்பாலும் செய்தி சேகரிப்பதில்லை. வேறு யாரோ சேகரித்து எழுதியதை நம் மொழியில் திருப்பிச் சொல்கிறோம். செய்தி ஏஜென்சியிலிருந்து எண்ணூறு சொற்களில் வருவதை முந்நூறு சொற்களுக்குள் அடக்கி, தலைப்பு வைத்து, படம் சேர்த்து, இணையத்தில் ஏற்றுவதற்கு இருபது நிமிடம் கிடைத்தாலே பெரிது. அந்த இருபது நிமிடத்தில் எதை விட்டோம், எதைச் சேர்த்தோம், எந்தச் சொல்லுக்குப் பதில் எந்தச் சொல்லை வைத்தோம் என்று பிறகு யாரும் கேட்பதில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையைச் செய்துவிட்ட எனக்கு, யூதர்கள் இடம்பெறும் செய்திகளில் என் கை ஒரே பக்கமாகச் சாய்ந்து வந்திருக்கிறது என்பது மிகத் தாமதமாகத்தான் தெரியவந்தது. அதுவும் என் தவறு வழியாகத் தெரியவில்லை. இன்னொருவரின் காப்பியை, அதாவது அவர் எழுதிய செய்தியை, திருத்தும்போது தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் துணை ஆசிரியர் நிதி மோசடி வழக்கு ஒன்றின் தீர்ப்புச் செய்தியை எழுதிக் கொண்டுவந்தார். எழுத்து தெளிவாக இருந்தது, எண்கள் சரியாக இருந்தன. முதல் வரியில் மட்டும் "யூதத் தொழிலதிபர்" என்று இருந்தது. ஏஜென்சி காப்பியைத் திறந்து பார்த்தேன். அதில் முதலீட்டு நிறுவனம் நடத்தியவர் என்றுதான் இருந்தது.

"இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தம்பி?"

"அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தேடிப் பார்த்தேன் சார். அதில் இருந்தது. தகவல் சரிதான் சார், பொய் எதுவும் சேர்க்கவில்லை."

"இதே வழக்கில் இன்னும் இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது. அவர்கள் என்ன மதம் என்று பார்த்தீர்களா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்தப் பையனிடம் வெறுப்பு என்று எதுவும் கிடையாது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அவர் வாழ்க்கையில் ஒரு யூதரைக்கூடச் சந்தித்ததில்லை. உலக மக்களில் ஏறத்தாழ 500 பேருக்கு ஒருவர்தான் யூதர் என்பதால், நம் வாசகர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான். அவர்கள் யூதர்களைச் சந்திக்கும் ஒரே இடம் நாம் எழுதும் செய்தி. அந்த ஓரிடத்தில் யூதர் என்ற சொல் எப்போதெல்லாம் தென்படுகிறதோ அப்போதெல்லாம் அருகில் பணமோ சூழ்ச்சியோ இருக்குமானால், வாசகர் மனத்தில் என்ன படியும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அன்றிரவு வேலை முடிந்த பிறகு, என் பழைய காப்பிகளைத் தேடி எடுத்தேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பெர்னார்ட் மேடாஃப். 2008 டிசம்பர் 11ஆம் தேதி அவர் கைதானபோது, அமெரிக்க நிதிச் சந்தை வரலாற்றின் மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று வெளியே வந்தது. அந்தச் செய்தியை எங்கள் வாசகர்களுக்குத் திருப்பிச் சொன்னவன் நான். தலைப்பில் அவரை "யூத நிதி மன்னன்" என்று எழுதியிருக்கிறேன். இடம் போதாமல் நான் வெட்டிய வரிகளில் ஒன்று, அவர் ஒரு காலத்தில் நாஸ்டாக் பங்குச் சந்தையின் தலைவராக இருந்தவர் என்பது. அத்தனை பேர் எதற்காக அவரை நம்பிப் பணத்தைக் கொடுத்தார்கள் என்ற கேள்விக்குப் பதிலாக இருந்த வரியை எடுத்துவிட்டு, எந்தக் கேள்விக்கும் பதிலாக இல்லாத ஓர் அடைமொழியை அந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

அந்த வழக்கில் அவருடைய சமயம் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. தன் சமூகத்தின் நம்பிக்கையைப் பயன்படுத்தி அந்தச் சமூகத்தையே ஏமாற்றும் மோசடி வகையைச் சேர்ந்தது அவர் செய்தது. யூதக் கல்வி நிறுவனமான யெஷிவா பல்கலைக்கழகம், ஹதாஸா என்ற யூதப் பெண்கள் அமைப்பு, நாஜி வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய எலி வீசலின் அறக்கட்டளை ஆகியவை அவரிடம் பணத்தை இழந்தன. அந்த விவரங்கள் அடுத்தடுத்த நாட்களில் எங்களுக்கு வந்தன. நான் அவற்றைப் பயன்படுத்தவில்லை. 2009 ஜூனில் அவருக்கு 150 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டபோதும் எழுதினேன்; பாதிக்கப்பட்டவர்களை "முதலீட்டாளர்கள்" என்று மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். ஏமாற்றியவர் யூதர், ஏமாந்தவர்கள் முதலீட்டாளர்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் என்னை அன்று உறங்கவிடாமல் செய்தது.

அடுத்து, 2018 அக்டோபர் 27. சனிக்கிழமை காலை, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், மூன்று யூதச் சபைகள் ஓய்வுநாள் வழிபாட்டுக்குக் கூடியிருந்த ட்ரீ ஆஃப் லைஃப் கூடத்துக்குள் ஒருவன் துப்பாக்கியுடன் நுழைந்து 11 பேரைக் கொன்றான். இறந்தவர்களில் மிக மூத்தவருக்கு 97 வயது. என் தலைப்பு இது: "அமெரிக்க வழிபாட்டுத் தலத்தில் துப்பாக்கிச் சூடு: 11 பேர் பலி". யூதர் என்ற சொல் நான்காவது பத்தியில் வருகிறது. முதல் மூன்று பத்திகளும் அமெரிக்காவின் துப்பாக்கிக் கலாசாரம் பற்றியவை. கொலைகாரன் உள்ளே நுழைவதற்குச் சற்று முன் இணையத்தில் எழுதிய பதிவில், ஹயாஸ் என்ற யூத அகதிகள் உதவி அமைப்பைக் குறிப்பிட்டுத்தான் தன் வெறுப்பைக் கக்கியிருந்தான். ரஷ்யாவிலிருந்து தப்பி ஓடிவந்த யூதர்களுக்காகத் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, இன்று எந்தச் சமயத்தைச் சேர்ந்த அகதியானாலும் உதவி வருகிறது. அவன் ஏன் அங்கே போனான் என்பதை விளக்கும் ஒரே தகவல் அதுதான். அதை நான் "கூடுதல் விவரம்" என்று கடைசியில் தள்ளியிருந்தேன்.

இரண்டு காப்பிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பத்து ஆண்டு இடைவெளி. குற்றவாளியின் பெயருக்கு முன்னால் யாரும் கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்ட அதே சொல், கொல்லப்பட்டவர்களின் பக்கம் வந்தபோது இடமில்லை என்று உதிர்ந்துவிட்டது. அவர்கள் கொல்லப்பட்டதற்கு அந்தச் சொல் தவிர வேறு காரணமே இல்லை. இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டு இருந்துவிட்டு, யாரையும் வெறுக்காமலே யூத வெறுப்பின் வடிவத்தில் எழுத முடியும் என்பதை என் கையெழுத்திலேயே பார்ப்பது எளிதாக இல்லை.

திருப்பிச் சொல்வதில் ஒரு சொல் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு, நான் வேலைக்குச் சேர்ந்த 2001ஆம் ஆண்டே ஓர் எடுத்துக்காட்டு கண்முன் நடந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள், தாக்கப்பட்ட பகுதிகளில் இருந்திருக்கக்கூடும் என்று கருதப்பட்ட 4,000 இஸ்ரேலியர்களின் பெயர்கள் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்துக்கு வந்து சேர்ந்திருப்பதாக ஜெருசலேம் போஸ்ட் செய்தி வெளியிட்டது. உறவினர்களைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் தந்த பெயர்கள் அவை. ஒரு வாரத்துக்குள், லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்பு நடத்தும் அல்-மனார் தொலைக்காட்சி, உலக வர்த்தக மையத்தில் வேலை பார்த்த 4,000 யூதர்கள் அன்று வேலைக்கே வரவில்லை என்று சொன்னது. எண் மாறவில்லை. "இஸ்ரேலியர்" என்பது "யூதர்" ஆயிற்று. "அங்கே இருந்திருக்கலாம்" என்பது "அங்கே இல்லை" ஆயிற்று. அன்று பலியானவர்களில் நூற்றுக்கணக்கான யூதர்கள் இருந்தார்கள். ஆனாலும், எந்தத் தகவலையும் மூன்று முறை சரிபார்க்கப் பழகியவர்களே அந்தக் கதையைத் தேநீர் இடைவேளையில் தாழ்ந்த குரலில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 4,000 என்ற எண்ணுக்கு அத்தனை வலிமை. முழு எண்ணாக ஒன்று கிடைத்துவிட்டால், அதை யார் எண்ணினார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

இதன் மூத்த வடிவம் 1903இல் ரஷ்யச் செய்தித்தாள் ஒன்றில் தொடராக வந்த "சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்". யூதர்கள் உலகை ஆளத் தீட்டிய இரகசியத் திட்டம் என்று சொல்லப்பட்ட அந்தப் போலி ஆவணம், மூன்றாம் நெப்போலியனைத் தாக்கி 1864இல் எழுதப்பட்ட பிரெஞ்சு அரசியல் அங்கத நூலிலிருந்து பக்கம் பக்கமாகக் களவாடப்பட்டது என்று லண்டன் டைம்ஸ் 1921இல் இரண்டையும் ஒப்பிட்டு வெளியிட்டது. மூல நூலில் யூதர் என்ற பேச்சே கிடையாது. அமெரிக்காவில் தன் செய்தித்தாள் வழியாக அந்தக் கதையைப் பரப்பிய ஹென்றி ஃபோர்டு 1927இல் மன்னிப்புக் கேட்டார். மறுப்பும் வந்தது, மன்னிப்பும் வந்தது, கதை நிற்கவில்லை.

இவையெல்லாம் பகையோடு சொல்லப்பட்டவை. இன்று நான் அதிகம் திருத்த நேர்வது புகழ்ச்சியோடு சொல்லப்படுபவற்றைத்தான். "யூதர்களின் வெற்றி இரகசியம்", "யூதத் தாய்மார்கள் கருவிலேயே குழந்தையை எப்படிப் பயிற்றுவிக்கிறார்கள்" என்ற வகைக் கட்டுரைகள் மாதம் ஒன்றாவது வரும். ஒருமுறை பங்குச் சந்தை பற்றிய கட்டுரை ஒன்றில், நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போரின் முடிவை முதலில் தெரிந்துகொண்டு ஒரே நாளில் பெருஞ்செல்வம் குவித்த லண்டன் யூத வங்கியாளர் நாதன் ரோத்சைல்டின் கதை, மதிநுட்பத்துக்கு எடுத்துக்காட்டாக வந்திருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருந்தார். நாதன் போர்க்களத்தில் நேரில் நின்று பார்த்தார், புயலில் கடலைக் கடந்து லண்டனுக்கு விரைந்தார் என்ற அந்தக் கதை, போர் நடந்து 31 ஆண்டுகள் கழித்து, 1846இல், "சாத்தான்" என்ற புனைபெயரில் வெளியான ஒரு பிரெஞ்சுத் துண்டு நூல் பரப்பியது. நாதன் வாட்டர்லூவுக்குப் போகவே இல்லை. 1940இல் நாஜி ஜெர்மனி அதே கதையைத் திரைப்படமாக எடுத்து மக்களுக்குக் காட்டியது. கட்டுரையாளரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னபோது, "நான் பாராட்டித்தானே எழுதியிருக்கிறேன்" என்று உண்மையாகவே வருந்தினார். பாராட்டும் பழியும் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன என்பதை அவருக்கு விளங்கவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு மக்கள் கூட்டம் முழுவதற்கும் பணத்தில் ஒரு தனி வித்தை இருக்கிறது என்று வியப்பவருக்கும், அதையே சொல்லிப் பயமுறுத்துபவருக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு. அந்தப் பகுதியை அவரே நீக்கிவிட்டார்.

மிகுந்த வாக்குவாதம் நடப்பது இஸ்ரேல் பற்றிய செய்திகளில். "காஸாவில் யூதர்கள் குண்டுவீச்சு" என்று தலைப்பு வந்தால் நான் அதைத் திருத்துவேன். குண்டு வீசியது இஸ்ரேல் ராணுவம். உத்தரவிட்டது இஸ்ரேல் அரசு. உலக யூதர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த நாட்டுக்கு வெளியே வாழ்கிறார்கள். அந்த நாட்டுக் குடிமக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரபு மக்கள். இப்படித் திருத்தும்போது, "இஸ்ரேலைக் காப்பாற்றுகிறீர்களா சார்?" என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அந்த ஆபத்தும் உண்மையானது. அதனால்தான், குண்டுவீச்சில் குழந்தைகள் இறந்த செய்தியை "மோதலில் உயிரிழப்பு" என்று யார் செய்தது என்றே தெரியாதபடி எழுதிக் கொண்டுவந்தால் அதையும் திருத்துகிறேன். இஸ்ரேல் ராணுவம் என்ற எழுவாய் அந்த வாக்கியத்தில் இருக்கத்தான் வேண்டும். ஓர் அரசின் செயலுக்கு அந்த அரசின் பெயரைச் சொல்லிக் கடுமையாக எழுதலாம். அந்தச் செயலை, வேறொரு நாட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு யூதப் பல் மருத்துவரின் தலையில் கட்ட நமக்கு உரிமை கிடையாது.

முதலில் சொன்ன அந்த இளம் துணை ஆசிரியர் அன்று அடைமொழியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வழக்கின் மற்ற இருவரின் பதவிகளைச் சேர்த்துச் செய்தியை ஏற்றினார். அதன்பின் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் என்ன எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாமலே சில மாதங்கள் போயின.

ஒரு நாள் இரவுப் பணியில் அவர் மட்டும் இருந்தபோது எனக்குத் தொலைபேசி வந்தது. ஐரோப்பிய நகரம் ஒன்றில் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து பல கல்லறைகளை உடைத்து, அவற்றின் மேல் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தை வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றார். தலைப்பை வாசித்தார்: "கல்லறைத் தோட்டத்தில் மர்ம நபர்கள் அட்டகாசம்".

"யூதர்களுடைய கல்லறைத் தோட்டம் சார். ஆனால் அந்தச் சொல்லைச் சேர்த்தால் கைப்பேசியில் தலைப்பு முழுதாகத் தெரியாது. எதை எடுக்கலாம் என்று கேட்கத்தான் அழைத்தேன்."

"நீங்கள் எதை எடுப்பீர்கள்?"

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "மர்ம நபர்களை எடுத்துவிடுகிறேன் சார். ஸ்வஸ்திகா வரைந்தவன் எதற்காக வந்தான் என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 'யூதர் கல்லறைத் தோட்டம் சேதம்' என்று வைக்கிறேன்."

சரி என்றேன். இரண்டு நிமிடத்தில் செய்தி ஏறியது. படத்துக்குக் கீழே, உடைந்த கல்லில் எஞ்சியிருந்த எபிரேய எழுத்துகளைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்.