11 மணிச் சாப்பாடு

இன்று காலை 11 மணிக்கு, குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகர மீன் சந்தையருகே ஒரு சிற்றுணவகத்தில், கைகளில் சுண்ணாம்பு உலராத கொத்தனார் ஒருவர் என் எதிரில் அமர்ந்து, கணவாய் மையில் வெந்த கருஞ்சோற்றை உண்டுகொண்டிருந்தார்.

என் தட்டு வந்ததும் கரண்டியைத் தாழ்த்தி, "டோபார் டெக்" என்றார்.

நன்றாகப் பசித்து உண்ணுங்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அறிமுகமற்றவருக்கும் அதைச் சொல்லாமல் இங்கே பலர் உண்பதில்லை.

சிரித்தபோது அவருடைய பற்களெல்லாம் கறுத்திருந்தன. என்னுடையவையும் விரைவில் அப்படியாயின.

முற்பகலில் உண்ணும் இந்த உணவை இந்தக் கடலோரப் பகுதியான டால்மேஷியாவில் மரெண்டா என்றும், தலைநகர் ஸாக்ரெப் பக்கம் காப்லெட்ஸ் என்றும் அழைக்கிறார்கள். வந்த புதிதில், வேலையை நிறுத்திவிட்டு இப்படி எழுந்து போவது எனக்கு விளங்கவில்லை. விடியுமுன்பே கடலுக்கும் வயலுக்கும் போனவர்களுக்கு 11 மணி என்பது நாளின் பாதி.

சிவப்பு மதுவில் தண்ணீர் கலந்த பெவாண்டாவை அவர் மெதுவாக அருந்தி முடித்த பிறகே எழுந்தார்.