திருகோணமலையில் படமெடுக்கப் படிக்கிறேன்

திருச்சியில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகித் திருகோணமலைக்கு வந்தவள் நான். கணவர் வீட்டார் போர்க்காலத்தில் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்தவர்கள். அவர்கள் ஊர் திரும்பியபோது மருமகளாக நானும் வந்தேன். தமிழ் பேசுகிற ஊர், கோயில் குளம் இருக்கிறது, மீனுக்குப் பஞ்சமில்லை, அப்புறம் என்ன கவலை என்று சொல்லித்தான் அம்மா அனுப்பி வைத்தாள். கவலை ஒன்றுமில்லைதான். ஆனால் வதிவிட விசாவைப் புதுப்பிக்கப் பத்தரமுல்லைக்குப் போய் வரிசையில் நிற்கும்போது, இது வேறு நாடு என்பது நன்றாகவே உறைக்கும். ஊருக்குள்ளும் நான் இன்னாருடைய மருமகள், அவ்வளவுதான். மார்க்கெட்டுக்குப் போய் வருவேன். யாரிடமும் நின்று பேச எனக்கொரு காரணம் இருந்ததில்லை.

விசாவுக்கு எடுத்த போட்டோதான் என்னை வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஸ்டூடியோக்காரர் கேட்காமலேயே என் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெள்ளை வெளேரென்று ஆக்கிக் கொடுத்திருந்தார். திருச்சியிலும் இதே கூத்துதான். பாக் நீரிணை தாண்டியும் மாறாத விஷயம் இந்தப் பவுடர் புத்தி. சரி, நாமே கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு டியூஷன் கொட்டிலில் வகுப்பு. ஆட்களையும் இடங்களையும் எடுப்பது மட்டும்தான் பாடம். கிண்ணியாவிலிருந்து ஒரு கல்யாண வீடியோக்காரத் தம்பி வருகிறான், உவர்மலையிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வருகிறார். கேமரா இல்லாதவர்கள் போனோடு வரலாம். கேமரா உள்ளவர்களுக்கு 50 எம்எம் லென்ஸ் மட்டுமே, சூம் கூடாது. சூம் இருந்தால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே அந்தப் பக்கத்து ஆளை எடுத்துவிடலாம். 50 எம்எம்மில் முகம் வேண்டுமென்றால் கிட்டப் போயாக வேண்டும். கிட்டப் போனால் பேசாமல் இருக்க முடியாது. கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்களை எடுத்துக்கொண்டு போனால் சேர் (வாத்தியாரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) திரும்பியே பார்க்க மாட்டார். "மான் யாருக்கும் நிற்கும்" என்பார்.

ஊரைப் பார்க்கும் விதமே இதனால் மாறிவிட்டது. நகரம் ஒடுங்கியிருக்கும் இடத்தில் கிழக்கே டச்சுக்குடாவின் திறந்த கடல், மேற்கே உள்துறைமுகம். காலை வெளிச்சத்துக்கு அந்தப் பக்கம், மாலை வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம், நடந்தே போய்விடலாம். எட்டு மணி தாண்டினால் கிழக்குக் கரையில் யாராலும் கண்ணைச் சுருக்காமல் நிற்க முடியாது. கச்சான் என்கிற தென்மேற்கு வறண்ட காற்று வீசும் மாதங்களில் மத்தியானத்தில் படமெடுக்கும் பேச்சே வேண்டாம். கடற்படைத் தளத்தின் பக்கம் எந்த நேரத்திலும் கேமராவைத் திருப்பக் கூடாது, அது தனிப் பாடம்.

நான் அதிகம் கற்றது உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்களிடம். கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே பார்க்கும். பின்னால் கடல் பளபளக்க, முன்னால் கறுத்த முகம் நின்றால், கடலுக்குக் கணக்குப் போட்டு முகத்தை இருட்டில் தள்ளிவிடும். அதனால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காகக் கூட்டு, கடல் வெளுத்தால் வெளுக்கட்டும் என்றார் சேர். கூட்டிப் பார்த்தால் கறுப்பு கறுப்பாகவே வந்தது. ஆனால் நெற்றியில் காய்ந்த உப்பும், உதட்டு வெடிப்பும், தோளில் கயிறு அழுத்திய தழும்பும் தனித்தனியாகத் தெரிந்தன. மீன் பெட்டியின் வெள்ளை ரெஜிபோம் (நம்மூர் தெர்மாகோல்) மூடியை நெஞ்சுக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் கண்ணுக்குக் கீழே விழும் நிழலும் இளகிவிடும். மீன் வாசம் இலவசம்.

கஷ்டம் வெளிச்சத்தில் இல்லை, கேட்பதில்தான். "எதுக்கு மகள் படம்?" என்று கேட்பார்கள். திருச்சியில் கேமராவைக் கண்டால் தலையை வாரிக்கொண்டு வந்து நிற்பார்கள். இங்கே சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி, அதிலிருக்கும் முகமும் தன் முகமும் ஒன்றுதானா என்று வருஷக்கணக்காகப் பார்க்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் 2017 முதல் வடக்கிலும் கிழக்கிலும் தெருவோரம் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள், திருகோணமலையிலும்தான். எதற்கு என்ற கேள்விக்கு நான் சொல்லும் பதிலை அவர்கள் எடைபோட்டுத்தான் பார்ப்பார்கள்.

சேருடைய நிபந்தனை இரண்டு. ஆளின் பெயரையும் ஊரையும் கொப்பியில் எழுத வேண்டும். 4ஆர் (நாலுக்கு ஆறு அங்குல) அளவில் பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதற்கு அவர் ஜூலியா மார்கரெட் கேமரனைக் காட்டுவார். டார்வினையும் டென்னிசனையும் படமெடுத்தவர், 1875-இல் இலங்கைக்குக் குடிவந்து 1879-இல் இங்கேயே இறந்துபோனார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. இங்கே எடுத்த ஒரு படத்துக்கு 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்பதுதான் தலைப்பு. அழகான படம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தால் பெயர் கேட்காமல் இருந்திருக்க முடியுமா?

பிரிண்ட் கொடுக்கப் போன இடத்தில்தான் அப்பம் சுடும் அம்மா ஒருவர் உள்ளே போய்ப் பழைய ஃப்ரேம் ஒன்றை எடுத்து வந்தார். மகன், பள்ளிக்கூடச் சட்டையில். ஈரம் பட்டுப் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். எனவே கண்ணாடியோடே எடுப்பதென்று முடிவுசெய்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சுவரில் சாய்த்து, என்னுடைய நிழலாட்டம் கண்ணாடியில் தெரியாமலிருக்கக் கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு எடுத்தேன். துணியை அவரே பிடித்துக்கொண்டார். "என்ட படம் கிடக்கட்டும், இதைப் பெருசா அடிச்சுத் தாங்க" என்றார். பெரிதாகவே போட்டுக் கொடுத்தேன். இப்போது அந்தப் பக்கம் போனால் "இந்தியாப் பிள்ளை" என்று கூப்பிட்டு நிறுத்துகிறார்.

இந்த மாதப் பாடம் ஒற்றை ஜன்னல் வெளிச்சம். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல், நிழலுக்குள் சின்னதாக ஒரு முக்கோண வெளிச்சம் விழ வேண்டும். மாமியைக் குசினி ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்தேன். சேர் அதை வகுப்பு முழுவதுக்கும் காட்டினார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"காசு கட்டித்தானே படிக்கிறீர்? மற்றக் கன்னம் எங்க, பிள்ளை?"